முகப்பருவுக்கு எந்த மருந்து? ராஸியிடமிருந்து தொடங்கும் ஒரு வரலாறு

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய நூலாசிரியர் கெல்சஸ், மருத்துவம் பற்றித் தாம் எழுதிய பெருநூலில் முகப்பருவுக்கும் இடம் கொடுத்தார். ஆனால் மனமில்லாமல் கொடுத்தார். பருவையும் முகப்புள்ளிகளையும் போக்க மருந்து தேடுவது ஏறத்தாழ அறிவீனம் என்பதும், பெண்களிடமிருந்து அழகுநாட்டத்தைப் பறிக்க இயலாததால்தான் அதைப் பற்றி எழுத நேர்கிறது என்பதும் அவர் கருத்து. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, புகாராவுக்கு அருகில் பிறந்த இப்னு ஸீனா, 1025இல் நிறைவுபெற்ற தமது ‘அல்கானூன் ஃபித் திப்’ நூலின் நான்காம் பாகத்தில் ‘ஸீனத்’ என்னும் தலைப்பில் ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கினார். முடி, தோல், நகம் ஆகியவற்றின் குறைகளும் அவற்றுக்கான மருந்துகளும் அங்கே பேசப்படுகின்றன. மூக்கிலும் முகத்திலும் பால் துளிகளைப் போல எழும் வெண்கட்டிகளையும் அவர் விட்டுவிடவில்லை. அன்டலூசியாவின் அஸ்ஸஹ்ராவியும் தமது முப்பது பாக நூலில் ஒரு பாகத்தை இத்துறைக்கே கொடுத்தார். முகத்தைப் பற்றிக் கவலைப்படுவது மருத்துவரின் கண்ணியத்துக்குக் குறைவு என்று அவ்விருவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

இன்றைய அரபியில் முகப்பருவுக்கு ‘ஹப்புஷ் ஷபாப்’ என்று பெயர். இளமையின் மணிகள் என்று பொருள் கொள்ளலாம். பெயர் இனிமையானது, அனுபவம் அப்படியன்று. மகனுக்குப் பதினான்கு வயதில் பரு வந்தால் பெரியவனாகிவிட்டான் என்று சிரிக்கும் நம் வீடுகள், மகளுக்கு இருபது வயதிலும் அது நீங்காதிருந்தால் கலங்கிப் போகின்றன. பெண் பார்க்க வருவோரின் பார்வை எங்கே நிலைக்கும் என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரியும். உடனே ஆலோசனைகள் குவிகின்றன. உம்மம்மா கடலைமாவும் மஞ்சளும் என்பார். சாச்சி கருஞ்சீரக எண்ணெய் என்பார். ஹிஜாமா செய்தால் இரத்தம் சுத்தமாகும் என்பார் இன்னொருவர். மருந்துக்கடைக்காரரோ எதுவும் பேசாமல் ஒரு களிம்பை எடுத்து நீட்டுவார். ஒவ்வொருவரிடமும் அந்த மருந்தால் குணமான ஒருவரின் கதை கட்டாயம் இருக்கும்.

கதைகள் பொய்யல்ல. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. முகப்பரு தானாக ஏறி இறங்கும் நோய். பெரும்பாலோருக்கு வயது கூடக் கூடத் தானாகவே தணிந்தும் விடும். பரு மிகக் கடுமையாக இருக்கும் வாரத்தில்தான் மனிதர் புது மருந்தைத் தேடுகிறார். அடுத்த வாரம் அது இறங்குமுகமாக இருந்தால் புகழ் அந்த மருந்துக்குப் போய்ச் சேரும். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ரோமப் பேரரசர் தியோடோசியஸின் அரசவையோடு தொடர்புடைய மார்செல்லஸ் என்பவர், எரிநட்சத்திரம் விழும்போது பருவைத் துணியால் துடைத்துவிட வேண்டும் என்று எழுதிவைத்தார். அதிலும் சிலர் குணமடைந்திருப்பார்கள். எனவே எந்த மருந்து என்னும் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: இரண்டு மருந்துகளில் எது சிறந்தது என்பதை மனிதர் எவ்வாறு அறிவர்?

இந்தக் கேள்வியை அரபு மொழியில் தெளிவாக எழுப்பியவர்களுள் முதன்மையானவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸி. இன்றைய தெஹ்ரானை ஒட்டியிருந்த ரய் நகரில் பிறந்து, அங்கும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கி, ஏறத்தாழ 925இல் மறைந்தவர். பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்துக் காட்டிய நூலால் அவரை உலகம் அறியும். அவர் மறைவுக்குப் பின் அவருடைய குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்ட ‘அல்ஹாவி’யில் ஒரு சிறு பதிவு உண்டு. மூளையைச் சூழ்ந்த சவ்வில் அழற்சி உண்டாக்கும் ‘ஸிர்ஸாம்’ என்னும் நோயின் முன்னறிகுறிகள் தென்பட்டோரில் ஒரு சாராருக்கு இரத்தம் வெளியேற்றியதாகவும், இன்னொரு சாராரை வேண்டுமென்றே அப்படியே விட்டதாகவும், விடப்பட்டோர் அனைவரையும் நோய் பற்றியதாகவும் அவர் எழுதுகிறார். சிகிச்சை பெறாதவரையும் கணக்கில் வைத்தால்தான் சிகிச்சை பெற்றவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியும் என்ற அறிவு அந்தச் சில வரிகளில் இருக்கிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தச் சோதனையிலிருந்து ராஸி எடுத்த முடிவு இன்று நிற்காது. மூளைச்சவ்வு அழற்சியை இரத்தம் வெளியேற்றித் தடுக்க முடியாது என்பதை இன்றைய மருத்துவம் அறியும். எத்தனை பேர், யார் எந்தப் பக்கம் சேர்க்கப்பட்டார், எதைக் கொண்டு சேர்க்கப்பட்டார் என்னும் விவரங்களை அவர் தரவில்லை. நலமாக இருந்தோர் ஒரு பக்கமும் நலிந்தோர் மறுபக்கமும் சேர்ந்திருந்தால் கணக்கு பிழைத்துவிடும். முறை சரியான திசையில் இருந்தது, முடிவு தவறியது. நம் மேடைகளில் முஸ்லிம் மருத்துவர்கள் எல்லாவற்றையும் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று முழங்குவதைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு நினைவுக்கு வருவது இந்த வேறுபாடுதான். அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொத்தில் மருந்துப் பட்டியல் சிறிய பங்கு.

பெரிய பங்கு இப்னு ஸீனாவின் ‘கானூன்’ இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. ஒரு மருந்தின் இயல்பைச் சோதித்தறிய ஏழு நிபந்தனைகளை அவர் வகுத்தார். மருந்தில் வெளியிலிருந்து வந்து சேர்ந்த தன்மை எதுவும் இருக்கக் கூடாது. பல நோய்கள் கலந்த உடலில் அன்றி ஒரே நோய் உள்ளவரிடம் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான நோய்களில் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எப்போது வேலை செய்யத் தொடங்குகிறது, பிறகு என்ன ஆகிறது என்று காலத்தைக் கவனிக்க வேண்டும். எப்போதும், அல்லது பெரும்பாலும், அதே விளைவைத் தர வேண்டும். இறுதியாக, சோதனை மனித உடலிலேயே நடக்க வேண்டும். சிங்கத்திலோ குதிரையிலோ கண்டது மனிதனுக்குப் பொருந்தாமல் போகலாம். காலத்தைப் பற்றிய நிபந்தனையையும் மனித உடலைப் பற்றிய நிபந்தனையையும் வாசகர்கள் நினைவில் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறோம். முகப்பரு மருந்துகளின் பிற்கால வரலாறு பெரும்பாலும் இவ்விரண்டைச் சுற்றியே நடந்தது.

ஆனால் பருவுக்கான மருந்துகள் மட்டும் நெடுங்காலம் இந்தச் சோதனைக்கு உட்படவே இல்லை. ஐரோப்பாவிலும் நிலை அதுதான். 19ஆம் நூற்றாண்டில் கந்தகக் களிம்பு, பாதரச உப்புக் கரைசல், உள்ளுக்கு ஆர்செனிக் என்று கொடுத்தார்கள். கந்தகம் இன்றும் சில களிம்புகளில் எஞ்சியிருக்கிறது. மற்ற இரண்டும் நஞ்சு. பிறகு எக்ஸ் கதிர் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பருவுள்ள இளைஞர்களின் முகத்தில் அந்தக் கதிரைப் பாய்ச்சுவது மதிப்புமிக்க சிகிச்சையாகவே இருந்தது. அது பயனும் தந்தது. கதிர் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கியது, முகம் தெளிந்தது. மூன்று மாதக் கணக்கில் பார்த்தால் அதற்கு இணையான மருந்து அன்று இல்லை. முப்பது ஆண்டுக் கணக்கில் பார்த்தபோதுதான், இளமையில் தலையிலும் கழுத்திலும் கதிர் பெற்றவர்களிடம் தைராய்டு புற்றுநோயும் தோல் புற்றுநோயும் மிகுந்திருப்பது தெரிந்தது. மருந்தின் விளைவைக் காலத்தோடு சேர்த்துப் பார்க்கச் சொன்ன இப்னு ஸீனா, இத்தனை நீண்ட காலத்தை எண்ணியிருப்பாரா என்பது ஐயமே.

பரு எப்படி உண்டாகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் எனப்படும் இயக்குநீர்கள் (பெண்களிடமும் இவை உண்டு) எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. மயிர்க்காலின் வாயில் தோலணுக்கள் உதிராமல் ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. அடைபட்ட எண்ணெயில் தோலிலேயே இயல்பாக வாழும் ஒரு நுண்ணுயிரி பெருகுகிறது. உடல் அதை எதிர்க்க, சிவந்து வீங்குகிறது. அழுக்கு இதற்குக் காரணமன்று. ஐவேளை உளூச் செய்யும் பிள்ளைக்கும் பரு வரும். முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் அது மோசமாகவும் செய்யும். பயன் தரும் மருந்துகள் எல்லாம் இந்த நான்கு படிகளில் ஏதோ ஒன்றையோ பலவற்றையோ பிடித்து நிறுத்துபவைதாம்.

அடைப்பைப் பிடித்து நிறுத்தும் மருந்தின் கதை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவரான ஆல்பர்ட் க்ளிக்மன், வைட்டமின் ஏ அமிலமான ட்ரெட்டினாயினைப் பருவின் மேல் பூசினால் அடைப்பு நீங்குகிறது என்று இரு சகாக்களோடு 1969இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். 1971இல் அது அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. இன்றும் பரு சிகிச்சையின் அடித்தளத்தில் இந்தக் குடும்பத்து மருந்துகளே இருக்கின்றன. பின்னால் வந்த அடாபலீன் இதன் எரிச்சல் குறைந்த உறவு. தோல் மருத்துவர் இரவில் மட்டும் பூசச் சொல்லித் தரும் களிம்பு பெரும்பாலும் இவ்வகையினதே. முதற்சில வாரங்களில் தோல் உரிந்து, பரு கூடியதுபோலத் தோன்றும். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பயன் தெரிய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும்.

அந்த ஆய்வுகளுக்கான தோல் எங்கிருந்து வந்தது? அதே நகரில் ஹோம்ஸ்பர்க் என்னும் சிறை இருந்தது. 1951 முதல் 1974 வரை க்ளிக்மன் அங்கிருந்த கைதிகள்மீது நூற்றுக்கணக்கான பொருள்களைச் சோதித்தார். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பிணைத்தொகை கட்ட வழியின்றி விசாரணைக்குக் காத்திருந்தவர்களும் அவர்களுள் பலர். சில டாலர்களுக்காக முதுகைக் காட்டினார்கள். தம்மேல் பூசப்படுவது என்ன என்பது அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. டவ் நிறுவனத்தின் பணத்தில் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சும் கைதிகளின் தோலில் இடப்பட்டது. அது பருவைப் போன்ற கட்டிகளை உண்டாக்கும் பொருள். முதன்முதலாகச் சிறைக்குள் நுழைந்தபோது ஏக்கர் கணக்கில் தோல் விரிந்து கிடப்பதாகத் தமக்குத் தோன்றியதென்று க்ளிக்மனே செய்தியாளரிடம் கூறியிருக்கிறார். ஒரு விவசாயி வளமான நிலத்தைக் காணும் பார்வை அது. 1998இல் ஆலன் ஹார்ன்பிளம் எழுதிய நூல் இவற்றை வெளிக்கொணர்ந்தது. பல்கலைக்கழகம் 2021இலும் நகர நிர்வாகம் 2022இலும் மன்னிப்புக் கோரின. க்ளிக்மன் 2010இலேயே மறைந்துவிட்டார்.

மனித உடலில்தான் சோதிக்க வேண்டும் என்று இப்னு ஸீனா வகுத்த நிபந்தனையின் நிழற்பக்கம் இது. எந்த மனிதனின் உடல், எவருடைய சம்மதம் என்று அந்த நிபந்தனை கேட்கவில்லை. நாம் அந்தக் களிம்பை வேண்டாமென்று சொல்ல வரவில்லை. அது பயன் தருகிறது, பூசுவோர் மேல் குற்றமுமில்லை. ஆனால் அதன் விலையில் ஒரு பகுதியை, அதனால் பயனே பெறாத வேறொருவர் கட்டியிருக்கிறார் என்பதை அறிந்துகொண்டு பூசலாம்.

ஒப்பீடு எப்படிப் பிழைக்கும் என்பதற்கும் அதே குழு ஒரு பாடம் தந்திருக்கிறது. சாக்லேட் தின்றால் பரு வருமா என்று 1969இல் 65 பேரிடம் சோதித்தார்கள்; அவர்களில் 35 பேர் சிறைக்கைதிகள். ஒரு காலம் சாக்லேட், இன்னொரு காலம் சாக்லேட் இல்லாத இனிப்புக் கட்டி. வேறுபாடு இல்லை என்று முடிவு வந்தது. உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்று ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதைக் கொண்டு சொல்லிவந்தார்கள். ஆனால் ஒப்பீட்டுக்கு வைத்த கட்டியிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறத்தாழ அதே அளவு இருந்தன. சர்க்கரையைச் சர்க்கரையோடு ஒப்பிட்டால் வேறுபாடு எங்கிருந்து வரும்? ஆய்வுக்குச் சாக்லேட் உற்பத்தியாளர் சங்கத்தின் ஆதரவும் இருந்தது. 2007இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வில், சர்க்கரையை மெதுவாக இரத்தத்தில் சேர்க்கும் உணவுகளை உண்டோருக்குப் பருக்கள் கூடுதலாகக் குறைந்தன. சிறிய ஆய்வுதான். ஆயினும் நோன்பு திறந்ததும் இனிப்புப் பானமும் எண்ணெய்ப் பலகாரமுமாக இரவைக் கழிக்கும் நம் வழக்கத்தின் மீது அது ஒரு சிறு வெளிச்சத்தைப் போடுகிறது.

நுண்ணுயிரியைத் தாக்கும் மருந்துகளின் கதை இவ்வளவு இருண்டதன்று. சிக்கனமான குடும்பத்துக்கு நல்ல செய்தியும் அதில் உண்டு. 1950களிலிருந்து டெட்ராசைக்ளின் வகை மாத்திரைகள் பருவுக்குக் கொடுக்கப்பட்டன. பல்லில் கறை படியச் செய்வதால் எட்டு வயதுக்குட்பட்டோருக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் அவை ஆகா. 1979இலேயே, பருவின் நுண்ணுயிரி சில ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்க மறுப்பது கண்டறியப்பட்டது. மறுபுறம் பென்சாயில் பெராக்சைடு என்னும் மலிவான பூச்சுமருந்து இருந்தது. ஆக்சிஜனை வெளியிட்டு நுண்ணுயிரியைக் கொல்வதால் அதை எதிர்த்து நிற்க நுண்ணுயிரிக்கு வழி கிடைக்கவில்லை. 1986இல் வெளியான ஓர் ஒப்பீடு, 2.5 விழுக்காடு களிம்பு 5, 10 விழுக்காடு களிம்புகளுக்கு இணையாகப் பருவைக் குறைப்பதையும், எரிச்சல் மட்டும் 10 விழுக்காட்டைவிட அதில் குறைவாக இருப்பதையும் காட்டியது. எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்ற நம் நம்பிக்கைக்கு இது நேர் எதிர்.

2004இல் ‘லான்செட்’ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு, ராஸி பார்த்திருந்தால் மகிழ்ந்திருக்கக்கூடியது. 649 பேர், ஐந்து சிகிச்சைகள், 18 வாரங்கள். யாருக்கு எது என்பது மருத்துவரின் விருப்பப்படி அன்றிக் குலுக்கல் முறையில் முடிவானது. மிதமான பரு உள்ளோருக்கு, விலையுயர்ந்த மினோசைக்ளின் மாத்திரைக்கும் மலிவான பென்சாயில் பெராக்சைடு பூச்சுக்கும் பயனில் பெரிய வேறுபாடு இல்லை. செலவோடு சேர்த்துப் பார்த்தால் பூச்சுமருந்தே முன்னின்றது. அதில் ஒரு தொல்லை உண்டு: துணியை வெளுத்துவிடும். தலையணையுறை, முகம் துடைக்கும் துண்டு, முஸல்லாவில் நெற்றி படும் இடம் என்று வெள்ளைத் தடங்கள் தோன்றும். பழைய விரிப்பொன்றை ஒதுக்கிக்கொள்வது நல்லது.

இயற்கை மருந்து வேண்டும் என்போருக்கும் ஒரு நேர்மையான ஒப்பீடு கிடைக்கிறது. 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5 விழுக்காடு தேயிலைமர எண்ணெயையும் 5 விழுக்காடு பென்சாயில் பெராக்சைடையும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் பருவைக் குறைத்தன. எண்ணெய் மெதுவாகவும் தொந்தரவு குறைவாகவும் வேலை செய்தது. கருஞ்சீரகத்தின் சிறப்பைக் கூறும் நபிமொழியை நாம் உளமார ஏற்கிறோம். ஆனால் வீங்கிய பருவின் மேல் இரவு முழுதும் எண்ணெயைத் தடவி வைக்கும்படி எந்த நபிமொழியும் கூறவில்லை. மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மொழிந்தது தேடுவதற்கான தூண்டுதல். தேடுவது என்றால் ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதில் அடங்கும்.

மாத்திரை உண்போருக்கு ரமலானைப் பற்றி ஒரு வார்த்தை. டாக்சிசைக்ளின் மாத்திரையைக் குறைந்த தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். ஸஹர் முடியும் தறுவாயில் ஒரு மிடறு நீரோடு அதைப் போட்டுக்கொண்டு உறங்கச் செல்வது அதற்கு நேர்வழி அமைத்துக் கொடுப்பதாகும்.

இனி, கடுமையான பருவுக்கான மருந்து. 1979இல் அமெரிக்காவில் கேரி பெக் என்னும் மருத்துவரும் சகாக்களும், ஆழமான கட்டிகளும் வடுக்களுமாக எதற்கும் அடங்காத பரு கொண்ட 14 பேருக்கு ஐசோட்ரெட்டினாயின் கொடுத்ததை வெளியிட்டார்கள். 13 பேருக்கு முற்றிலும் நீங்கியது. மருந்தை நிறுத்திய பின்னும் திரும்பவில்லை. அதுவரை பருவைத் தணிக்கும் மருந்துகள் இருந்தன. இது நோயின் போக்கையே மாற்றியது. 1982இல் ரோஷ் நிறுவனத்தின் பெயரில் சந்தைக்கு வந்தது. கருவில் சிதைவை உண்டாக்கும் என்பது விலங்குச் சோதனையிலேயே தெரிந்திருந்தது, எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருந்தது. அச்சிட்ட எச்சரிக்கை போதவில்லை. 1983இலேயே குறைகளோடு பிறந்த குழந்தைகள் பற்றிய செய்திகள் வந்தன. 1985இல் வெளியான ஆய்வு, இம்மருந்து பட்ட 154 கருக்களைப் பின்தொடர்ந்தது: 95 கலைக்கப்பட்டன, 12 தானாகக் கலைந்தன, 26 குழந்தைகள் பெருங்குறையின்றிப் பிறந்தன, 21 குழந்தைகளுக்குக் காதும் இதயமும் மூளையும் குறைபட்டிருந்தன. அதன்பின் 1988இல் ஒரு தடுப்புத் திட்டமும், 2006இல் பதிவேட்டில் சேராமல் மருந்தே பெற முடியாத கடும் கட்டுப்பாடும் அங்கே வந்தன.

ஆகவே இது நல்ல மருந்தா, கெட்ட மருந்தா என்று கேட்பது பயனற்றது. முகம் முழுதும் குழிவிழுந்து, வீட்டைவிட்டு வெளியே வர மறுக்கும் ஓர் இளைஞனுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. நான்கைந்து சிறு பருக்களுக்காக இதைக் கேட்பது வீண் ஆபத்து. கொழுப்பு கலந்த உணவோடு உண்ணும்போதுதான் இது நன்கு உடலில் சேரும். இரத்தப் பரிசோதனை வேண்டும். உதடு வறண்டு வெடிக்கும். மனச்சோர்வு தெரிந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதன் உறை ஜெலட்டினால் ஆனது என்பதால் ஹலால் பற்றிய கேள்வியும் எழுகிறது. மூலப்பொருள் முற்றிலும் மாறிவிட்டால் விதியும் மாறும் என்று 1995இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பின் கருத்தரங்கு கருதியது. அதை ஏற்காத அறிஞர்களும் உள்ளனர். எந்த விலங்கின் ஜெலட்டின் என்று விசாரித்துக்கொண்டு ஆலிமிடம் கேட்பது நம் கடமை. வயதுவந்த பெண்களுக்கு வேறொரு வழியும் இப்போது உறுதிப்பட்டிருக்கிறது: ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், 2023இல் 410 பெண்களிடம் பிரிட்டனில் வெற்று மாத்திரையோடு ஒப்பிடப்பட்டுப் பயன் காட்டியது. அதுவும் கருவுறும் காலத்துக்கு ஆகாது.

இத்தனை ஒப்பீடுகளையும் கடந்து, நம் ஊர்களில் பருவுக்காகப் பூசப்படுவதில் ஒன்று எந்தப் பட்டியலிலும் இல்லாத ஸ்டீராய்டு களிம்பு. இதிலும் க்ளிக்மனின் கைரேகை உண்டு. முகத்தின் கரும்படலத்தை மங்கச் செய்ய, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் கலந்த ஒரு சேர்மத்தை அவர் 1975இல் சகா ஒருவரோடு வெளியிட்டார். மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலம் பூசுவதற்கானது அது. இந்தியச் சந்தையில் அதன் வழிவந்த கலவைகள் சிவப்பழகுக் களிம்பாக உருமாறின. ஸ்டீராய்டு இரத்த நாளங்களைச் சுருக்கி வீக்கத்தை அடக்குவதால் சில நாளிலேயே முகம் பளிச்சிடும். மாதங்கள் செல்லச் செல்லத் தோல் மெலியும், செந்நரம்புகள் தெரியும், முகத்தில் மயிர் முளைக்கும், பரு முன்னைவிடக் கூடும். நிறுத்தினால் நெருப்பாய் எரியும்; எரிகிறதே என்று மீண்டும் பூசுவார்கள். 2011இல் வெளியான, இந்தியாவின் 12 மையங்களில் நடந்த ஆய்வில், முகத்தோல் நோயோடு வந்த 2,926 பேரில் 433 பேர் இவ்வகைக் களிம்பைப் பூசிக்கொண்டிருந்தனர். அவர்களில் 104 பேர் பருவுக்காகப் பூசியவர்கள். 392 பேருக்குப் பாதிப்பு தென்பட்டது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்லர். 2018 மார்ச்சில் இந்திய அரசு இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்த பின்னும் கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரிந்ததே.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்தால் விளைந்த கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியிருக்கிறது. ஃபிக்ஹு அறிஞர்கள் அதைக் கொண்டு நஷ்டஈடு பற்றிய சட்டங்களை வகுத்தார்கள். கடையில் களிம்பு எடுத்துக் கொடுப்பவரை மட்டும் அது நோக்குவதாக நமக்குப் படவில்லை. என் மகளுக்கு இது நன்றாகக் கேட்டது என்று பாதி தீர்ந்த களிம்பைக் கல்யாண வீட்டில் கைமாற்றும் நம் உறவினரையும் அது தொடுகிறது.

அந்தக் கல்யாண வீட்டிலேயே மற்றொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. மகள் பருவுக்கு மருந்து உண்கிறாள் என்பதை மாப்பிள்ளை வீட்டார் அறியக் கூடாது என்று பல தாய்மார் மறைக்கிறார்கள். சம்பந்தம் பேசி முடிந்ததும் முகம் விரைவில் தெளிய வேண்டும் என்ற அவசரத்தில் ஐசோட்ரெட்டினாயின் தொடங்கப்படுவதும் உண்டு. நிக்காஹ் தேதி முன்னால் நகர்கிறது. மருந்து இன்னும் முடியவில்லை. பெண் கணவரிடம் சொல்லக் கூசுகிறாள். முதல் மாதத்திலேயே கரு உண்டானால் என்ன ஆகும் என்பதை 1985இன் அந்த 154 கருக்கள் சொல்லும். இந்த மருந்து உடலில் நெடுங்காலம் தங்குவதில்லை என்பது ஆறுதல். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து கடைசி கேப்சூலுக்குப் பின் ஒரு மாதம் வரை கருவுறாமல் இருக்க வேண்டும் என்பதே விதி. எனவே, நிக்காஹ் பேசியிருக்கும் பெண்ணுக்கு மருந்து எழுதும் மருத்துவரிடம் தேதியை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாள் போதாதென்றால் பென்சாயில் பெராக்சைடும் அஸெலாயிக் அமிலமும் கைவசம் உள்ளன. மருந்து ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், தேதி குறிக்க அமரும் பெரியவர்களில் ஒருவராவது, கடைசி கேப்சூல் எந்த நாளில் முடிகிறது என்பதைக் கேட்டு, அதிலிருந்து ஒரு மாதத்தை எண்ணித் தள்ளி வைக்கலாம்.